பாலை முகர்ந்து பார்க்கும் கொலைகாரி

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மாமியாரைத் தூக்குமேடை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

நீங்கள் எழுதுகிற துப்பறியும் தொடரின் புது எபிசோடை நேற்று எங்கள் விடுதி ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். வழக்கமாக நான் அதைப் பார்ப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று ஆளாளுக்குக் கனமான கோட்டை மாட்டிக்கொண்டு வேர்த்து வழிவதைப் பார்த்தால் எனக்கே புழுங்கும். ஆனால் "எங்க வார்டன் மேடத்தோட மாப்பிள்ளை எழுதுறது" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள். அந்தப் பெருமையில் நானும் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதையில் ஒரு தங்கும் விடுதி. அதை நடத்துகிற ஒரு அம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து. சாவி யார் இடுப்பில்தான் இல்லை என்று விட்டுவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் கரண்டிகளை எண்ணுகிறாள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் இருமினாள். அடுத்து அவள் பால் பாத்திரத்தைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, "காய்ச்சினவ யாரு?" என்று கேட்கிறாள். பின் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதற்கப்புறம், "ஒன்பது மணிக்குக் கதவச் சாத்துனா சாத்துனதுதான். கடவுளே வந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்கிறாள். மாப்பிள்ளை, அது என் வசனம். இருபது வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்லிவருகிற வசனம்.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த அம்மாள் மாடி அறைக்காரர் குடிக்கிற பாலில் விஷத்தைக் கலக்கிறாள். உங்கள் மீசைக்காரத் துப்பறிவாளர் படியேறி வந்து, அவளை நேராகப் பார்த்து விரலை நீட்டுகிறார். "தொடரும்" என்று போட்டுவிட்டீர்கள். ஹாலில் விளக்கைப் போட்டார்கள். நாற்பது பிள்ளைகளில் ஒருத்திகூடத் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

இன்று காலை விடுதியில் யாரும் பால் குடிக்கவில்லை.

இரண்டாம் பாகம் மூன்று வாரம் கழித்துத்தானாம், நடுவில் ஏதோ விளையாட்டுப் போட்டியாம். நல்லதாகப் போயிற்று. அதற்குள் அந்த அம்மாளை நிரபராதி ஆக்குங்கள். ஆக்குகிற வரைக்கும் நான் அங்கே வருவதாக இல்லை. பிரசவத்துக்குத் துணையாக ஒரு கொலைகாரியை யாராவது கூப்பிடுவார்களா?

மாசமாக இருக்கிற என் பெண் பாப்பாவுக்கு இது எதுவும் தெரியக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் போனில் சத்தம் போட்டால் அவள் காதில் விழும். உங்கள் போனுக்கு வருகிற செய்திகளை உங்களுக்கு முன்னால் அவள்தான் படிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம், அதுவும் உங்கள் ஸ்டுடியோ விலாசத்துக்கு. நீங்களும் கடிதமாகவே எழுதவும்.

இப்படிக்கு,
விஷம் வைத்தவள்


மார்ச் 7

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மேக்கப் அறையில் வைத்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்த மேக்கப்காரர், இன்றைக்குப் பிணமாக நடிக்கிறவர் நான்தான் என்று நினைத்துப் பவுடரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை, அந்த அம்மாளுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முழுக்க முழுக்கக் கற்பனை. சாவிக்கொத்து, கரண்டி எல்லாம் பழைய காலத்துக் கதை என்றால் வந்துதானே தீரும்? வேண்டுமானால் கல்லூரி நாட்களில் எங்கள் விடுதியில் இருந்த வார்டனின் சாயல் கொஞ்சம் வந்திருக்கலாம். அவரும் பாலை முகர்ந்து பார்ப்பார். உலகத்தில் வார்டன்கள் எல்லோருமே பாலை முகர்கிறவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

விஷத்துக்கும் காரணம் நீங்கள் இல்லை. எனக்கு ரத்தம் ஆகாது. என் கதைகளில் இதுவரை ஒருவரும் கத்திக்குத்து வாங்கியதில்லை, எல்லோரும் பாலிலோ தேநீரிலோதான் போய்ச் சேருவார்கள். "ஏன்யா, உன் ஊர்ல ஒருத்தன்கிட்டகூடக் கத்தி இல்லையா?" என்று தயாரிப்பாளரே கேட்டுவிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தியது அவளுக்கு, கட்டிலில் தூக்கிப் படுக்க வைத்தது என்னை. அந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிரசவத்துக்குப் பெரியவங்க யாரும் வர மாட்டாங்களா?" என்று கேட்டார். "எங்க அம்மா வருவாங்க" என்று அவள் சொன்னாள். அத்தை, நீங்கள் வராவிட்டால் பிரசவ வார்டில் இரண்டு படுக்கை வேண்டியிருக்கும்.

இரண்டாம் பாகம் ஏற்கெனவே எடுத்து முடித்தாகிவிட்டது. அதில் அந்த அம்மாள் எட்டு நிமிஷம் வாக்குமூலம் கொடுக்கிறார். நடிகை அழுத அழுகையில் விளக்குப் பிடித்தவர்கூட மூக்கை உறிஞ்சினார். அதைப் போய் மாற்றச் சொன்னால் என்னை மாற்றிவிடுவார்கள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

"அம்மா எப்ப வர்றாங்க?" என்று அவள் தினமும் கேட்கிறாள். விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள், அதனால் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் அதையே சொல்லவும்.

பணிவுடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். உங்கள் புளுகு தபால் வந்து சேருகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

உங்கள் கடிதம் கைக்குக் கிடைப்பதற்கு முன்னாலேயே பாப்பா போன் செய்தாள். ஏன் வரவில்லை என்றாள். தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்ப வெள்ளையடிக்கலையா?" என்றாள். "தொட்டி உடைஞ்ச ஈரத்துலதாண்டி சுவரெல்லாம் போச்சு, அதனாலதான் வெள்ளையடிக்கிறாங்க" என்று ஒட்டுப் போட்டேன். இனிமேல் பொய் சொல்வதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது சரி, உங்கள் கல்லூரி விடுதி வார்டன் எப்படி இருந்தார்? பெண் பார்க்க வந்த அன்று, "என் பையன் ஒரு நாள்கூட விடுதியில தங்கினதில்ல. தினமும் பஸ்ஸுல போயிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துடுவான்" என்று உங்கள் அம்மா மார்தட்டிச் சொன்னது இந்தக் காதில் இன்னும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதீர்கள்.

எனக்கு இப்போது வேறொரு சந்தேகம். நீங்கள் என் வீட்டுக்கு வந்ததே மூன்று தடவைதான். பெண் பார்க்க ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை, வயிற்றுவலியோடு ஒரு தடவை. மூன்று தடவையும் நான் வெகு மரியாதையாக நடந்துகொண்டேன். உங்கள் எதிரில் கரண்டி எண்ணவில்லை. கோபம் வந்தால் ஈரத்துணியை நாலாக மடித்துச் சமையல் மேடையில் ஓங்கி ஒரு அடி அடிப்பேன், அந்த அம்மாளும் அடிக்கிறாள். உங்கள் எதிரில் நான் கோபப்பட்டதே கிடையாது, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். அப்படியென்றால் இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இந்த விடுதியில் எவளோ உங்களுக்கு உளவு சொல்கிறாள். அவளைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

பாப்பா போனை வைப்பதற்கு முன்னால், "எபிசோடு பாத்தியாம்மா?" என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டது, பார்க்கவில்லை என்றேன். "ஓ, பாக்கலையா" என்றாள். குரல் ஏனோ இறங்கிப்போயிற்று. புருஷன் எழுதியதை அம்மா பார்க்கவில்லையே என்ற வருத்தம்போல. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக நான் கொலைகாரியாக இருக்க முடியாது. நிரபராதி என்றால் வருகிறேன். இல்லாவிட்டால் இல்லை.

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

வெற்றி! நீங்கள் நிரபராதி!

நேற்று முன்தினம் தயாரிப்பாளரிடம் போய், விடுதிக்கார அம்மாள்தான் கொலைகாரி என்று பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிட்டது, முடிவை மாற்றாவிட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர், "அப்ப கொன்னது யாருய்யா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு" என்றார்.

அங்கேதான் சிக்கல். கதையில் வருகிறவர்களில் யாரையாவதுதானே பிடிக்க வேண்டும்? வேலைக்காரியாக நடித்த பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. வண்டிக்காரராக நடித்தவர் வேறு படத்துக்காகத் தாடியை மழித்துவிட்டார். மிச்சம் இருந்தது வண்டிக் குதிரையும், கதையில் அந்த அம்மாளுக்கு மாப்பிள்ளையாக வருகிற ஒரு அப்பாவியும்தான். குதிரைக்கு என்ன நோக்கம் சொல்வது? ஆகவே மாப்பிள்ளைதான் கொலைகாரன். விடுதியின் சாவிக்கொத்து தன் கைக்கு வர வேண்டும் என்பதற்காக விஷத்தை முன்கூட்டியே சர்க்கரையில் கலந்து வைத்து, பழியை மாமியார்மேல் போட்டுவிடுகிறான். அந்த அம்மாள் பாலில் கலந்தது வெறும் தூக்க மருந்து. மாடி அறைக்காரர் விடிய விடியப் பாடித் தொல்லை கொடுப்பவர் என்று காரணம் வைத்துவிட்டேன்.

நேற்று அவசர அவசரமாக எடுத்து முடித்தோம். எட்டு நிமிஷ அழுகை போய்விட்டதே என்று அந்த நடிகை விக்கைக் கழற்றி என் மேல் எறிந்தார். புது வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று மீசைக்காரர் எகிறினார். எகிறிய வேகத்தில் மீசையின் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் திட்டி முடித்தார். கடைசிக் காட்சியில் அவர் அந்த அம்மாள் முன்னால் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து, "அம்மா, உங்களைச் சந்தேகித்தது என் வாழ்நாள் பிழை" என்கிறார். உங்கள் விடுதி ஹாலே எழுந்து நிற்கும்.

விடுதிப் பிள்ளைகளைச் சந்தேகப்படாதீர்கள் அத்தை, பாவம். அவர்கள் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

பெட்டியைக் கட்டுங்கள். எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
கொலைகார மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

அவசரம். அந்த அம்மாளை நிரபராதி ஆக்கிவிடாதீர்கள்.

என்னடா இது, இப்படியும் அப்படியும் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள். முதல் நாலைந்து நாள் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்க்கிறேன், பிள்ளைகள் எட்டரைக்கெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வராந்தா விளக்கை யாரும் சொல்லாமலேயே அணைக்கிறார்கள். இரண்டாம் மாடியில் கட்டிலுக்கு அடியில் மின்சார அடுப்பை ஒளித்து வைத்திருந்தவள், "மேடம், இத நீங்களே வெச்சுக்குங்க" என்று கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு நிற்காமல் ஓடினாள். நான் கேட்கவே இல்லை. பாலைத்தான் முகர்ந்துகொண்டிருந்தேன்.

கட்டடத்துச் சொந்தக்காரர் இருக்கிறாரே, ஒழுகுகிற குழாயைப் பற்றி நான் எத்தனை தடவை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். நேற்று அவரே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று சரிசெய்ய வைத்தார். வந்தவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கச் சொன்னேன். "ஐயோ, வேண்டாம்மா! இப்பதான் வீட்டுல குடிச்சேன்" என்று செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனார். காய்கறிக்காரர் அழுகல் தக்காளியை அவரே பொறுக்கி எடுத்துவிடுகிறார். இத்தனை வருஷம் கத்திக் கத்தி நடக்காதது ஒரு சொட்டு விஷத்தில் நடந்துவிட்டது.

அதனால் அவள்தான் கொன்றாள் என்றே இருக்கட்டும். அரைகுறையாக வேண்டாம், தீர்க்கமாகக் கொன்றிருக்கட்டும். முடிந்தால் இன்னொரு பிணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்குமூலம் எட்டு நிமிஷம் என்றீர்கள், குறைக்க வேண்டாம். அழுகையை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் அழுகிறவள் இல்லை.

உளவாளி இன்னும் அகப்படவில்லை. ஒவ்வொருத்தியாக அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துப் பேசாமல் பார்த்தேன். ஒருத்தி மொட்டை மாடியில் பூனை வளர்ப்பதை ஒப்புக்கொண்டாள். இன்னொருத்தி ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துப் பையனோடு பேசுவதை ஒப்புக்கொண்டாள். உளவு சொன்னதாக மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை.

கொலையை உறுதி செய்து எழுதுங்கள். உடனே புறப்பட்டு வருகிறேன்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 17

அத்தைக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீங்கள் நிரபராதி என்று நான் எழுதியதும், ஆகக் கூடாது என்று நீங்கள் எழுதியதும் ஒரே நாளில்.

மறுபடியும் தயாரிப்பாளரிடம் போனேன், பாருங்கள் என் தைரியத்தை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "யோவ், உன் வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டார். பழைய காட்சியை அழித்துவிட்டார்கள். எட்டு நிமிஷம், அழுகை, எல்லாம் போயிற்று. என்னால் இனிமேல் உங்களைக் கொலைகாரி ஆக்க முடியாது. இதற்குமேல் நீங்கள் வராவிட்டாலும் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வேடிக்கையாக எழுத வரவில்லை அத்தை. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, நாங்கள் நினைத்த தேதிவரைக்கும் காத்திருக்க முடியாது, வருகிற திங்கட்கிழமையே சேர்த்துவிட வேண்டும் என்றார். அவள் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "அம்மாவுக்கு என் மேல கோபமா?" என்றாள். "உன் மேல எதுக்குக் கோபம்?" என்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கும் பயமாக இருக்கிறது.

எழுதியவன் நான். தப்பு என்னுடையது. திட்டுவதானால் ஆயுசுக்கும் என்னைத் திட்டுங்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தண்டிக்க வேண்டாம். வாருங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

துப்பறியும் கதைகளில் கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து உண்மையைச் சொல்வார்கள் அல்லவா? அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அறையில் நீங்கள் ஒருவர்தான். பரவாயில்லை, உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "அம்மாவுக்கு என் மேல கோபமா?" அவள்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? எழுதியது நீங்கள், கோபம் உங்கள்மேல். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்?

பூனை வளர்க்கிற பெண்ணைக் கூப்பிட்டு, அந்த எபிசோடை அவள் போனில் மறுபடியும் போடச் சொன்னேன். போன தடவை கோபத்தில் பாதி என் கண்ணிலேயே படவில்லை. அந்த அம்மாள் விஷப் பாலை மேஜையில் வைக்கிறாள். வாசல் வரைக்கும் போகிறாள். போனவள் திரும்பி வந்து, தூங்குகிற அந்த ஆளின் பாதத்துக்கு அடியில் போர்வையை இழுத்துச் செருகிவிட்டுப் போகிறாள். எந்தக் கொலைகாரி போர்வையைச் செருகிவிட்டுக் கொல்வாள் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விடுதியில் நான் எந்தப் பிள்ளைக்கும் அப்படிச் செய்ததில்லை, செய்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்திக்குத்தான் செய்திருக்கிறேன். பகலெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவள் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் போய்ச் செருகிவிட்டு வருவேன். அந்தத் திருடி தூங்கவே இல்லை, மாப்பிள்ளை! கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

அந்த எபிசோடை எழுதியது நீங்கள் இல்லை. படுக்கையில் கிடந்து அலுத்துப்போய் என் மகள் எழுதியிருக்கிறாள். நீங்கள் உங்கள் பேரைப் போட்டுக்கொண்டீர்கள். அவ்வளவு நன்றாக இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாள். அதனால்தான் பார்க்கவில்லை என்றதும் குரல் இறங்கியது. கரண்ட் போய்விட்டதாம் எனக்கு! நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. நான் மட்டும் அவளிடம் நேராகவா பேசினேன்?

என்னை ஏன் கொலைகாரி ஆக்கினாள் என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் இல்லாத அம்மாவிடம் திட்டு வாங்க முடியாது. அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளாவது அம்மா சாவிக்கொத்தோடு நடமாடட்டும் என்று விட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூனைக்காரி பார்த்துவிட்டாள், வெளியே சொன்னால் பூனை போய்விடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் கடைசிவரைக்கும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொய் சொல்லவே வராத மனிதர், என் பெண்ணுக்காக இத்தனை கடிதத்திலும் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அதற்காக எந்தக் கொலைக்கும் உங்களை மன்னிப்பேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். தொட்டி சரியாகிவிட்டது, வெள்ளையடித்தும் முடிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அத்தை


மார்ச் 22

அத்தைக்கு,

தபாலில் போட நேரமில்லை, இதை ஸ்டேஷனில் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். அவள் காதுக்கு எட்டாமல் வீட்டில் எதையும் பேச முடியாது. ஆட்டோவில் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது எல்லாமே சரி. எனக்கு ஒரு வரியும் ஓடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள்தான் காகிதத்தை வாங்கினாள். எழுதி முடித்து உங்கள் குரலிலேயே எனக்கு வாசித்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். போர்வைக் காட்சி வந்தபோது அவளால் வாசிக்க முடியவில்லை, அதை நானாகப் படித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாரைக் கொலைகாரனாக்குவது என்று தெரியாமல் நான் விழித்த அன்று வீட்டுக்குப் போன் போட்டு, பொதுவாகக் கேட்கிற மாதிரி அவளைக் கேட்டேன். "மாப்பிள்ளையப் போட்டுடுங்க. அம்மா சந்தோஷப்படுவாங்க" என்றாள். நம் சண்டையைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை என் பையின் அடியில்தான் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பை தினமும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை


மார்ச் 23, உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து

மாப்பிள்ளை,

இதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பயப்படாமல் குடியுங்கள், முதல் வாய் நான் குடித்துப் பார்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பால் சரியில்லை. காலையில் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்தேன். சட்டென்று நினைவு வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு பாத்திரத்தையும் மூடினேன். உள் அறையிலிருந்து குரல் வருகிறது: "என்னம்மா, காய்ச்சினவ யாருன்னு கேக்கலையா?" நான் காது கேட்காத மாதிரி குழாயைத் திறந்துவிட்டேன்.

ஆக, அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கலாம். நீங்கள் எதுவும் தெரியாதவராகவே இருங்கள், அது உங்களுக்கு இயல்பாக வருகிறது.

இன்று ராத்திரி இரண்டாம் பாகத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம். மாப்பிள்ளைக்கு விலங்கு மாட்டும்போது நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் நிரபராதி என்று விடுதியில் தெரிந்த நிமிஷமே மின்சார அடுப்பு கட்டிலுக்கு அடியில் போய்விடும். போகட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரியில் நான் உள்ளே இருப்பேன். உங்களுக்கு வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன், விழுவதாக இருந்தால் அதிலேயே விழுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கிவிட்டாள். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பாதத்துக்கு அடியில் போர்வையைச் செருகிவிட்டேன். பார்க்கிறேன், இமை இரண்டும் துடிக்கின்றன. சிரிப்பை அடக்கிக்கொண்டு உதடு படாத பாடு படுகிறது. கண்ணோரத்தில் ஈரம் வேறு.

"பாவம், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது புள்ள" என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

அத்தை